என் பங்குக்கு அடிமண்டி

இரண்டு வருஷத்தில் ஆறு டாக்டர்கள் என் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னவர்கள் உண்டு, கீழ் இமையை இழுத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஒருத்தராவது உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டச் சொன்னதில்லை. கடைசியில் அதைச் சொன்னவர் டாக்டரே இல்லை. காலேஜில் எலி வளர்க்கிற ஒரு டீச்சர்.

இதை எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. வரட்டும், நன்றியெல்லாம் பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். எழுபதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில், முப்பத்து நாலு வயதில் ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்த எனக்குச் சிறுநீரகம் பாதி போயிற்று. மாடியிலிருந்து விழவில்லை, காவேரி ஜலத்தைக் காய்ச்சாமல் குடிக்கவில்லை. தினமும் சாதத்தில் பிசைந்து, நானே என் கையால் சாப்பிட்ட விஷம் அது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். என் கணவர் சம்பத்து, பொன்மலையில் ரயில்வே குமாஸ்தா. அவருடைய அம்மா, அதாவது என் மாமியார். எங்கள் பெண் பத்மா, ஏழு வயது. நான் வைதேகி.

இவர்களோடு ஐந்தாவதாக ஒரு ஈயச் சொம்பு. மற்றவர்கள் ரசம் என்பதை நாங்கள் சாத்தமுது என்போம். அதை ஈயச் சொம்பில்தான் வைக்கவேண்டும் என்பது எங்காத்துச் சட்டம். வெள்ளீயத்தில் தட்டிச் செய்த சொம்பு, மாமியார் கல்யாணத்துக்கு அவர் பிறந்தகத்தில் கொடுத்தது. அதில் கொதித்தால்தான் அந்த வாசனை வரும். ஒரே ஒரு ஜாக்கிரதை வேண்டும். உள்ளே ஜலம் இல்லாமல் அடுப்பில் வைத்தால் வெண்ணெய் மாதிரி உருகிவிடும். புதிதாக வந்த நாட்டுப்பெண்ணுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது.

அந்தப் பாடத்தை நான் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து மறந்தேன். மாமியார், நாத்தனாரின் பிரசவத்துக்காகக் கும்பகோணம் போயிருந்த சமயம். வெறும் சொம்பை ஸ்டவ்வில் வைத்துவிட்டு, புளி ஜலத்தை எடுக்கத் திரும்பினேன். வீதியில் நாதஸ்வரம் கேட்டது. பெருமாள் புறப்பாடு! ஸ்ரீரங்கத்தில் அந்தச் சத்தம் கேட்டபிறகு கையில் என்ன இருக்கிறது, அடுப்பில் என்ன இருக்கிறது என்று யார் யோசிப்பார்கள்? ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பெருமாளைக் கண்குளிரச் சேவித்துவிட்டுத் திரும்பினால், ஸ்டவ்வின்மேல் சொம்பு இல்லை. பர்னரைச் சுற்றி வெள்ளையாக ஒரு குட்டை. தரையிலும் சொட்டுச் சொட்டாக உறைந்திருந்தது.

என் உயிரே போய்விட்டது. மாமியார் அடிக்கிறவர் இல்லை, கத்துகிறவரும் இல்லை. பேசாமல் இருப்பார். ஒரு தடவை நான் ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி போட்டதற்கு இருபது நாள் பேசாமல் இருந்திருக்கிறார். கல்யாணச் சொம்புக்கு எத்தனை வருஷமோ!

அந்த வாரம் எங்கள் வீதிக்குப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற ஆள் வந்தான். உறைந்த கட்டியை மடியிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"இதுக்கா மாமி இப்படி நடுங்கறீங்க? நாலு நாள்ல அதே மாதிரி பண்ணிக் கொண்டாறேன். பெரியம்மாவுக்கே அடையாளம் தெரியாது."

சொன்னபடியே கொண்டுவந்தான். கொஞ்சம் கறுப்பாக இருந்தது, கொஞ்சம் கனமாகவும் இருந்தது. கேட்டேன்.

"உருகினதுல கொஞ்சம் போயிடுச்சுங்க மாமி. என் கையிலேருந்து போட்டு நிரப்பியிருக்கேன்."

அந்த மகராஜனுக்கு நான் நன்றி சொல்லி, கூலிக்குமேல் ஒரு பழைய பட்டுப்புடவையும் கொடுத்தேன். அவன் கையிலிருந்து போட்டது காரீயம். பாட்டரிக்குள் வைக்கிற, மீன் தூண்டிலில் குண்டாகக் கட்டுகிற காரீயம். வெள்ளீயத்தைவிட மலிவு, அதைவிடக் கனம், சாப்பிட்டால் நஞ்சு. கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நான் எங்கே கண்டேன்!

மாமியார் திரும்பி வந்தார். சொம்பைக் கையில் எடுத்தார், ஒரு நிமிஷம் வைத்திருந்தார், பிறகு அடுப்பில் ஏற்றினார். ஒன்றும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் யார் எப்போது சாப்பிடுவோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது. காலை எட்டரைக்கு என் கணவர். கொதி அடங்காத சாத்தமுதில் மேல் தெளிவு அவருக்கு. பதினொன்றரைக்கு மாமியார், கோயிலுக்குப் போய்வந்து. அவருக்கும் தெளிவுதான். பத்மா சாத்தமுதைத் தொடவே மாட்டாள். தயிர் சாதம் மட்டும்தான். அந்தப் பிடிவாதத்துக்காக அவளை இரண்டு தடவை அடித்திருக்கிறேன், இந்தக் கையால். எல்லாரும் ஆன பிறகு, பாத்திரம் தேய்த்து, இடம் மெழுகி, இரண்டு மணிக்கு நான் உட்காருவேன். அதுவரை புளி ஜலம் அந்தச் சொம்பில் ஊறிக்கொண்டு கிடக்கும். அடியில் தங்கிய பருப்பும் பொடியும் கலந்த மண்டி என்னுடையது. அதிலும் மிச்சமிருந்தால் ராத்திரிக்கு அதுவும் என்னுடையது. வீணாக்கலாமா? அப்படித்தானே நம்மை வளர்த்திருக்கிறார்கள்.

ஆறேழு மாதத்தில் வயிற்றுவலி ஆரம்பித்தது. சாதாரண வலி இல்லை, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கும். மலம் இறுகிப்போகும். தலைவலி, மூட்டுவலி, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது. முதல் டாக்டர் வாயு என்றார். இரண்டாமவர் ரத்தம் போதாது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஒருத்தர் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். நாலாமவர் என்னைப் பார்க்கவே இல்லை, என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்ல மாமியார் இருக்காங்களா?"

"இருக்கா சார்."

"அதான் சார். நெர்வஸ். ஒரு வாரம் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைங்க, சரியாயிடும்."

இருவரும் சிரித்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த டாக்டருக்காவது நான் யாரோ ஒருத்தி. இவருக்கு?

இரண்டாவது வருஷம் முகம் வீங்கியது, பாதத்தில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது. சிறுநீர் சோப்புத்தண்ணீர் மாதிரி நுரைத்தது. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேர் சொல்லப்போவதில்லை, சண்டைக்கு வருவார்கள்.

மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். சோதனைக்குழாயில் சிறுநீரை ஊற்றி விளக்கில் காட்டினார்கள். தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது. ஆல்புமின் என்றார்கள். ரத்தத்தில் தங்கவேண்டிய புரதம், வடிகட்டி கிழிந்ததால் வெளியே ஒழுகுகிறது என்று அர்த்தம். யூரியா ஏறியிருக்கிறது என்றார்கள். வெளியே போகவேண்டிய கழிவு உள்ளேயே தங்குகிறதாம். ஆக, தங்கவேண்டியது போகிறது, போகவேண்டியது தங்குகிறது. ஏன் என்று கேட்டேன்.

பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்தபடி சொன்னார். "கிட்னி கெட்டுப்போச்சும்மா. காரணம் எல்லாத்துக்கும் கண்டுபிடிக்க முடியாது. இப்படியே போனா எவ்வளவு நாள்னு சொல்ல முடியாது. உப்பைக் குறைங்க."

எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாதாம். பத்மாவுக்கு அப்போதுதான் இரண்டாம் வகுப்பு. யார் அவளுக்குத் தலை பின்னுவார்கள் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு ஓடியது.

வீட்டு மனிதர்களை ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை, அதுதான் தொல்லை. என் கணவர் ஆபீஸ் விட்டு நேரே வார்டுக்கு வருவார். சாத்துக்குடி உரித்து, கொட்டை எடுத்து, தோலியும் எடுத்து ஊட்டுவார். ஒரு நாள் எனக்குப் பின்னல்கூடப் போட்டுவிட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஃபைலுக்கு நாடா கட்டுவதுதான், தலையையும் அப்படியே கட்டினார். மாமியார் கொள்ளிடக்கரைக்கு வெறுங்காலோடு போய் நெருஞ்சிலும் சிறுபீளையும் மூக்கிரட்டையும் பறித்துவந்தார். எல்லாம் நீர் பிரிய வைக்கும் செடிகள். நெல்லிமுள்ளி சேர்த்துக் கஷாயம் வைத்து, கூஜாவில் ஊற்றி, தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே கொண்டுவருவார். காலில் முள் குத்திய இடம் பழுத்திருந்தது. என்னிடம் காட்டவில்லை, நானாகத்தான் பார்த்தேன். அன்றைக்கு அழுதேன்.

பெரிய டாக்டர் கூஜாவைப் பார்த்துவிட்டார். "இந்தத் தழையெல்லாம் குடுத்துத்தான் ஆளைக் கொல்றீங்க. என் வார்டுல இது கூடாது."

மறுநாள் மாமியார் கூஜாவைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த கட்டிலில் சர்க்கரை வியாதிக்காக ஒரு வயதான அம்மாள் படுத்திருந்தார். அவருடைய மகள்தான் ஃபிலோமினா டீச்சர். நாற்பது வயசு இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எப்போதும் மருந்து நெடி. பெண்கள் காலேஜில் பாடம் எடுப்பவர், பிஎச்.டி.க்காக எலிகளை வைத்து ஏதோ ஆராய்ச்சி செய்பவர். கஷாய வாசனை பிடித்துக்கொண்டு அவராகவே என் கட்டிலுக்கு வந்தார்.

"மாமி, இது மூக்கிரட்டைதானே? கொஞ்சம் மோந்து பாக்கட்டுமா? நானும் இந்தச் செடியைத்தான் எலிக்குக் குடுக்கறேன்."

"எலிக்கு என்ன வியாதி?"

"வியாதி நாங்க குடுக்கறதுதான். தண்ணியில விஷ உலோகம் கலந்து குடுப்போம். அது போய் சிறுநீரகத்துல தங்கும். ஒரு கூண்டு எலிக்கு அதோட செடிச்சாறும் குடுப்போம், இன்னொரு கூண்டுக்குச் சாறு கிடையாது. எது எப்படி இருக்குன்னு பாக்கணும்."

பாவம் எலி என்று சொன்னேன். டம்ளரில் ஊற்றிய கஷாயத்தை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிசாகப் படிந்திருந்தது.

"இதை எதுல காய்ச்சறாங்க?"

"ஈயச் சொம்புல. ராத்திரி காய்ச்சி அதுலயே வச்சுடுவா. ஈயத்துல இருந்தா ஊசாது."

டீச்சரின் முகம் மாறியது. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "மாமி, கொஞ்சம் உதட்டைத் தூக்குங்க. ஈறைப் பாக்கணும்."

தூக்கினேன். கண்ணாடி கொண்டுவந்து எனக்கும் காட்டினார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில், மை வைத்து வரைந்த மாதிரி நீலமும் கறுப்புமாக ஒரு கோடு. உடம்பில் காரீயம் ஏறியவர்களுக்கு வருகிற கோடாம். இரண்டு வருஷமாகத் தினமும் பல் தேய்த்தேன், ரசம் போன கண்ணாடியில் எனக்குத் தெரியவில்லை. ஆறு டாக்டர்களுக்குமா தெரியாது?

டீச்சர் ஓடிப்போய் ஹவுஸ் சர்ஜனைக் கூட்டிவந்தார். லால்குடிப் பெண், படிப்பு முடித்த புதிது. அவள் அன்றே என் ரத்தத்தை மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். சிவப்பணுக்களுக்குள் நீலப் பொட்டுகள் இருந்தன, அதுவும் காரீயத்தின் கைவேலைதானாம். மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரிடம் பயந்துகொண்டே சொன்னாள்.

"எலிக்கு வைத்தியம் பாக்கறவங்க எனக்குப் பாடம் நடத்தறாங்களா?" என்று முதலில் ஒரு பாய்ச்சல். பிறகு என் கணவரிடம் கேட்டார். "அந்தச் சொம்பு எப்போ வாங்கினது?"

"அது எங்கம்மா கல்யாணச் சொம்பு சார். சுத்த வெள்ளீயம். நாப்பது வருஷமா அதுலதான் எல்லாரும் சாப்பிடறோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லை."

"அப்போ சொம்பு இல்லை. வேற எங்கேருந்து வந்துதுன்னு பாருங்க. காரணம் தெரியாம காரீயத்தை இறக்கற மருந்தை நான் குடுக்க மாட்டேன். மருந்தே கிட்னியைத் தாக்கும்."

என் கணவர் சொன்னது பொய்யில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உண்மை தெரிந்தவள் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஆமாம், திறக்கவில்லை! கட்டிலுக்கு அந்தப் பக்கம் மாமியார் நின்றிருந்தார். எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஈறில் கோடு தெரிகிறது, ரத்தத்தில் பொட்டு தெரிகிறது. அப்போதும் எனக்கு, சொம்பை உருக்கிவிட்டேன் என்று மாமியார் முன்னால் சொல்லப் பயம். சாவதற்குப் பயமில்லை, அவர் பேசாமல் இருந்துவிடுவாரே என்று பயம்! எனக்கு யார்மேல் கோபம் என்று கேட்டால் முதலில் அந்தக் கட்டிலில் படுத்திருந்த வைதேகிமேல்தான். அவளை அப்படிப் பழக்கியவர்கள்மேல் அடுத்தது.

கஷாயத்தை மட்டும் அன்றிலிருந்து ஜன்னல் வழியாகக் கொட்டினேன். காரீயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று வீட்டிலிருந்து என் கணவரின் பொன்மலை ஆபீஸ்வரை டீச்சர் கேள்விமேல் கேள்வி கேட்டார். பெயிண்டா, குங்குமமா, குழாயா என்று. எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். மூன்று நாள் போயிற்று.

நாலாம் நாள் சாயங்காலம் மாமியார் பத்மாவை அழைத்துவந்தார். குழந்தை இளைத்திருந்தாள். மாமியாருக்கு முகமெல்லாம் பெருமை.

"நோக்கு ஒரு நல்ல சேதி கொண்டுவந்திருக்கேன் வைதேகி. நீ அடிச்சும் மிரட்டியும் நடக்காததை நான் நடத்திக் காட்டிட்டேன். குழந்தை பத்து நாளா சாத்தமுது சாதம் சமத்தா சாப்பிடறா. ஸ்கூல் விட்டு வந்ததும் அவளுக்குன்னே சொம்புல எடுத்து வைக்கறேன்."

ஸ்கூல் விட்டு வந்தால் மணி நாலரை. காலையில் வைத்தது நாலரை மணிவரை அந்தச் சொம்பில் கிடந்திருக்கும். நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், என் இடம் காலியாக இருக்கிறது, என் பங்கு மண்டி என் பெண்ணுக்குப் போய்விட்டது.

"குடுக்காதீங்கோம்மா!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "அது உங்க சொம்பு இல்லை. உங்க சொம்பை நான் உருக்கிட்டேன். நீங்க கும்பகோணம் போயிருந்தப்போ. இது ஈயம் பூசறவன் பண்ணிக் கொடுத்தது. இதுல விஷம் இருக்கு. குழந்தைக்குக் குடுக்காதீங்கோ!"

மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு, சாதாரணமாகச் சொன்னார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"வேற சொம்புன்னு தெரியும். வந்த அன்னிக்குக் கையில எடுத்தேனே, அப்பவே தெரிஞ்சுடுத்து. என் சொம்பு இத்தனை கனம் இல்லை. நீயா வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

இரண்டு வருஷம்! நானாக வந்து சொல்லட்டும் என்று இரண்டு வருஷம் இருந்திருக்கிறார். நான் சொல்லாமல் இருந்தேன், அவர் கேட்காமல் இருந்தார். நடுவில் அந்தச் சொம்பு தினமும் கொதித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?" என்றேன். "ஒரே ஒரு வார்த்தை! திட்டியிருக்கலாமே! இன்னிக்கு இங்கே படுத்திருப்பேனா?"

"விஷம்னு தெரியாதுடி," என்றார் மாமியார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். "பெருமாள் சத்தியமா எனக்குத் தெரியாது. மருந்துன்னுதானே அதுல காய்ச்சிக் கொண்டுவந்தேன்."

அன்று இரவே என் கணவர் சொம்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். டீச்சர் அதன் விளிம்பைச் சுரண்டி, ஒரு வெள்ளைக்காகிதத்தில் தேய்த்தார். பென்சிலால் கிழித்த மாதிரி சாம்பல் கோடு விழுந்தது.

"வெள்ளீயம் இப்படி எழுதாது மாமி. காரீயம்தான் எழுதும்."

மறுநாள் காலேஜில் ஒரு துணுக்கை அமிலத்தில் கரைத்து, இன்னொரு மருந்தை ஊற்றினாராம். மஞ்சளாகத் திரண்டது. அந்தக் கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து பெரிய டாக்டர் மேஜையிலேயே வைத்தார். அழகான மஞ்சள், கனகாம்பரம் போடுகிற கூடைக்குள் ஒன்றிரண்டு சாமந்தி கிடக்குமே, அந்த மஞ்சள். அதுதான் இரண்டு வருஷமாக எனக்குள் இருந்தது.

மருந்தை மெட்ராஸிலிருந்து வரவழைத்தார்கள். அதன் பேர் வாயில் நுழையாது. குளுக்கோஸோடு சேர்த்து நரம்பில் ஏற்றுவார்கள். ரத்தத்தில் திரிகிற காரீயத்தை அது நண்டு மாதிரி கவ்விக்கொண்டு சிறுநீரோடு வெளியே போகும். பயம் என்னவென்றால், போகிற வழியும் அந்தப் புண்ணான சிறுநீரகம்தான். அதனால் கொஞ்சமாகக் கொடுத்து, சில நாள் நிறுத்தி, மறுபடி கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்க வருகிற சிறுநீரைப் பெரிய கண்ணாடி ஜாடியில் பிடித்து அளந்தார்கள். குறைந்தால் ஆபத்து. ஜாடியில் மட்டம் ஏறுகிறதா என்று மாமியார், பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். எல்லார் ரத்தத்தையும் சோதித்தார்கள். என் கணவருக்கும் மாமியாருக்கும் லேசாக இருந்தது. பத்மாவுக்குப் பத்து நாளோடு நின்றதால் பயப்படும்படி ஒன்றும் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

"ஏன் இவங்களுக்கு மட்டும் இவ்வளவு?" என்று ஹவுஸ் சர்ஜன் பெண் கேட்டாள். யார் எப்போது சாப்பிடுவோம் என்று சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "டாக்டர்னு பேர் வாங்கின எனக்கு எங்க வீட்லயும் அம்மா முதல்ல போடுவாங்க, அவங்க கடைசியிலதான்," என்றாள்.

அந்த நாட்களில் டீச்சரிடம் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. "அம்மா பறிச்சுண்டு வந்த செடி எனக்கு ஏதாவது நல்லது பண்ணித்தா டீச்சர்?"

"சிறுநீரகத்துக்குள்ள மெல்லிசா லட்சக்கணக்குல குழாய் இருக்கு மாமி. குழாயோட உள்சுவர்ல செல்லுங்க செங்கல் மாதிரி வரிசையா இருக்கும். காரீயம் அதுக்குள்ள போய் உக்காந்துட்டா, உள்ள துருப்பிடிக்கற மாதிரி ஒண்ணு நடக்கும். செல்லு சாகும். சில செடியில இருக்கிற பொருள் அந்தத் துருவைத் தடுக்கும்னு நினைக்கிறோம். செல்லைக் காபந்து பண்ணும்னு."

"அப்போ காப்பாத்தியிருக்கும்?"

"ஆமான்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா எலி வேலையே இன்னும் பாதியிலதான் இருக்கு. ஆசையை ரிசல்ட்டா எழுத முடியாதுல்ல? உங்களுக்கு ஒரே டம்ளர்ல விஷமும் குடுத்து மருந்தும் குடுத்திருக்காங்க. எது எதைத் தடுத்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. எந்தச் செடியா இருந்தாலும், முதல்ல விஷத்தை நிறுத்தணும்."

நான் கேட்டேன். "எலிக்குச் சாறை எதுல குடுப்பேள்?"

"கண்ணாடியிலதான். வேற எதுல வச்சாலும் கணக்கு கெட்டுடும்."

"சாப்பாடு?"

"எல்லாக் கூண்டுக்கும் ஒரே நேரத்துல, ஒரே அளவு. இல்லேன்னா எந்த எலிக்கு எதனால என்ன ஆச்சுன்னு தெரியாதே."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் ஜலமும் வந்தது. திருச்சியில் ஒரு காலேஜ் கூண்டில் இருக்கிற எலிக்குக் கண்ணாடிப் பாத்திரம், நேரத்துக்குச் சாப்பாடு, சம பங்கு. ஸ்ரீரங்கத்தில் எனக்கு இரண்டு மணி, அடிமண்டி.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றுவலி போயிற்று, முகத்தில் ரத்தம் வந்தது. சிறுநீரகம் பாதி நின்றது, மீதி திரும்பாது என்றார்கள். போகிற நாள் கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில், நாட்டு மருந்து சாப்பிட்டதால் என்று எழுதியிருந்தது. நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

"செடி என்ன பண்ணித்து டாக்டர்? பண்ணினது சொம்பு. சொம்புன்னு எழுதுங்கோ."

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணில்லை. உங்க மாதிரி இன்னொருத்தர் இதைப் படிச்சா அந்தச் செடியைத் திட்டுவார், சொம்பை விட்டுடுவார். மாத்தி எழுதற வரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

அப்படி நான் யாரிடமும் பேசியதில்லை. என் கணவர் வாசலில் நின்று என் பேரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடித்து எழுதினார்.

சொம்பைப் பழைய ஈயத்துக்குப் போட்டுவிடலாம் என்றார் என் கணவர். போட்டால் அதை உருக்கி இன்னொரு வீட்டுக்குச் சொம்பாக்குவான், கூடாது என்றேன். டீச்சர் தன் லாபரட்டரி அலமாரியில், விஷம் என்று சீட்டு ஒட்டி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள், எட்டரை மணி. மாமியார் எவர்சில்வர் பாத்திரத்தில் சாத்தமுது வைத்திருந்தார். என் கணவர் தட்டின் முன் உட்கார்ந்தார். நானும் ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மாமியார் தெளிவை எடுத்து எனக்குத்தான் முதலில் விட்டார்.

எல்லாம் ஆன பிறகு மாமியார் பாத்திரத்தைச் சாய்த்து, அடிமண்டியைத் தன் தட்டில் வழித்துக்கொண்டார். எவர்சில்வர்தான், விஷம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மாதம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து என் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது என் இடத்தில் தானே உட்காரப் பார்க்கிறார். தட்டைப் பிடுங்கி மண்டியை முற்றத்தில் கொட்டினேன்.

"இது இந்தாத்துல இனிமே யாருக்கும் வேண்டாம்மா," என்றேன். "நாளைலேர்ந்து எட்டு மணிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காருவோம்."

"நான் கோயிலுக்குப் போகணுமேடி."

"ஏழு மணிக்குப் போயிட்டு வாங்கோ. பெருமாள் ஏழு மணிக்கும் இருக்கார்."

மறுநாள் உட்கார்ந்தோம். மாமியார் மடியாக ஒரு முழம் தள்ளி, என் கணவர் கூச்சத்தோடு, பத்மா பழையபடி தயிர் சாதத்தோடு, நடுவில் நான். ஒரே நேரத்தில், ஒரே பாத்திரத்திலிருந்து, ஒரே அளவு. டீச்சரின் எலிகளைப் போல.